புதுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் 13 வருடமாக ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்திவருகிறேன். போன ஐப்பசியில் கடைக்குப் புதிதாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கினேன். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாம், இப்போது எல்லாக் கடையிலும் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். வாங்கிய முதல் வாரத்திலிருந்தே அது தவழ்கிறது. 2012-இல் வாங்கி இத்தனை வருடம் உப்புக்காற்றில் கிடந்த என் பழைய கம்ப்யூட்டர் இதைவிட வேகமாக ஓடியது என்றால் யாரும் நம்பவில்லை, ஆனால் அதுதான் உண்மை. ஏன் அப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. கண்டுபிடித்த பிறகுதான் கோபம் வந்தது, ஏனென்றால் காரணம் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது, வெளியே அட்டையில் மட்டும் எழுதவில்லை.

பழையதை ஏன் மாற்றினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-இல் அதற்கு எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்புக் கருவி ஒன்று போட்டிருந்தேன், நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல் சிப்பாக இருந்தால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், என்னுடையதில் இரண்டும் கிடையாது. ஊர்ச் சனங்களின் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் தினமும் ஏறி இறங்குகிற மெஷின், பாதுகாப்பு இல்லாமல் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. அதோடு உள்ளே துருவும் பிடித்திருந்தது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே கதவைச் சாத்தி வைத்தாலும் மேசை மேல் மணலும் உப்பும் படியும், மெஷினுக்குள் போகாமலா இருக்கும்? சரி என்று மகளிர் குழுவில் கடன் எடுத்து, ராமநாதபுரம் போய், கீபோர்டு மவுஸோடு 14,500 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: 4 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ், விண்டோஸ் 11, 2.8 கிகாஹெர்ட்ஸ் வரை. அந்த 'வரை' மட்டும் பொடி எழுத்தில் இருந்தது.

மெதுவாக இருக்கிறது என்று சும்மா சொன்னால் யாருக்கும் புரியாது, அதனால் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதிலிருந்து பிரவுசர் திறந்து முதல் பக்கம் வருவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல். பழையதில் இதற்கு முக்கால் நிமிடம் கூட ஆகாது. ஸ்கேன் செய்த ஒரு பாஸ்புக் பக்கத்தைத் திறந்து, வெட்டி, 200 கேபிக்குள் சுருக்கி, சேமித்து, விண்ணப்பத்தில் ஏற்றுகிற வேலை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, அதற்கே ஆறேழு நிமிடம் ஆனது. நாலு டேப் திறந்துவிட்டு வேர்டில் ஒரு மனு அடித்தால், நான் அடித்து முடித்த பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வந்து சேரும். நடுவில் கால் எங்கே கொம்பு எங்கே என்று எனக்கே தெரியாமல் போய், அழித்து அழித்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

கொஞ்சம் மெதுவாக இருந்தால் என்ன, பொறுத்துக்கொள்ளலாமே என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் பொறுக்க முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போது எந்த விண்ணப்பம் போட்டாலும் ஆதாரில் பதிந்த போன் நம்பருக்கு ஓடிபி வரும். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அந்த நம்பர் வீட்டுக்காரருடையது, அந்தப் போன் அவரோடு கடலில் இருக்கும். படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போய்விட்டால் டவர் கிடைக்காது. அதனால் அவர் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் அந்தப் பெண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வருவாள். வந்ததும் ஓடிபி கேட்டால் சில நிமிடத்தில் அது காலாவதியாகிவிடும். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் நடந்தது இது: கல்வி உதவித்தொகைக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள், பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள், அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறார். ஓடிபி வந்துவிட்டது, அவர் எண்ணைப் படித்தும் சொல்லிவிட்டார், ஆனால் அதைத் தட்ட வேண்டிய கட்டம் திரையில் வரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கட்டம் வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை பக்கமே வெளியே தள்ளிவிட்டு, சிறிது நேரம் கழித்து முயலுங்கள் என்றது. அவருக்குச் சாயங்காலம் ஐஸ் ஏற்ற வேண்டும், டீசல் பிடிக்க வேண்டும், விடிந்தால் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போக வேண்டும். "அக்கா, நாளைக்குப் பார்க்கலாமா?" என்று கேட்டார். நாளைக்கு அவர் இருக்க மாட்டார். கடைசியில் என் போனிலேயே, அந்தச் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு வழியாகப் போட்டு முடித்தேன். அன்று அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். நெட் ஸ்லோவாக இருக்கும்மா என்றார்கள். அதே வைஃபையில் என் போன் பறக்கிறதே என்றேன். அப்படியென்றால் சாஃப்ட்வேர் பிரச்சினை, கொண்டுவாங்க, ஃபார்மட் போட்டுத் தருகிறோம் என்றார்கள். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் பஸ்ஸில் போய்வரக் கடையை அரைநாள் பூட்ட வேண்டும். இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் ஃபார்மட், இரண்டு தடவையும் 300 ரூபாய். கொண்டுவந்து மாட்டி ஒரு நாள் நன்றாக இருப்பது போல இருக்கும், என் வேலைக்கு வேண்டியதை எல்லாம் ஏற்றியதும் பழைய கதை. ஃபார்மட் போட்டால் தீருகிற கோளாறு இல்லை இது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தினமும் இதையே விற்கிறவர்கள்.

அப்புறம் தை மாதத்தில் என் அக்கா மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறவன். வந்ததும் கீபோர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பலகை வந்தது. 13 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை. அதில் மெமரி, அதாவது ராம், 93 சதவீதம் என்று இருந்தது, டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றுகொண்டே இருந்தது, நான் எதையும் திறக்காதபோதே. "சித்தி, நெட்டும் இல்ல, சாஃப்ட்வேரும் இல்ல, உள்ள போட்டிருக்கிற சாமானே இவ்வளவுதான்" என்றான். பின்பக்கம் நாலு திருகாணியைக் கழற்றி உள்ளே காட்டினான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், வாசிக்கிறவர்களுக்கும் உதவும்.

128 ஜிபி ஸ்டோரேஜ் என்று அட்டையில் போட்டிருந்தது உண்மைதான், 128 இருக்கிறது. ஆனால் அது எஸ்எஸ்டி இல்லை, இஎம்எம்சி. விலை குறைந்த போன்களிலும் டேப்லெட்டுகளிலும் வருகிற சேமிப்புச் சிப், போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். அதில் இப்போது புழக்கத்தில் இருக்கும் 5.1 வகையின் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி, கையில் கிடைப்பது அதிலும் குறைவு. சாட்டா எஸ்எஸ்டி என்றால் 550 வரை கொடுக்கும். எஸ்எஸ்டியிலேயே என்விஎம்இ என்கிற வகை சாதாரணமாகவே ஆயிரத்தைத் தாண்டும், நல்லதாக இருந்தால் 3,500-க்கு மேலும் போகும். இந்த எண்கள் கூடப் பாதிக் கதைதான், ஏனென்றால் இவை ஒரு பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கிற வேகம். விண்டோஸ் செய்வதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்கிற வேலை. ஒரு பெரிய மீனைத் தூக்கிக் கூடையில் போடுவது வேறு, கூடை நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது வேறு. அந்தப் பொறுக்குகிற வேலையில்தான் இஎம்எம்சி மூச்சு வாங்குகிறது.

இன்னொன்றும் சொன்னான், அது எனக்கு உடனே பிடிபட்டது. இஎம்எம்சியில் ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் ஒன்றாக நடக்காது. எங்கள் ஊர் ரயில் பாலம் மாதிரி. கப்பல் போக வேண்டும் என்றால் ரயில் நிற்க வேண்டும், ரயில் போக வேண்டும் என்றால் கப்பல் நிற்க வேண்டும். 1914-இல் திறந்த பழைய பாலத்திலும் அப்படித்தான், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்திலும் அப்படித்தான். என்விஎம்இ என்பது பக்கத்தில் 1988-இல் திறந்த ரோடு பாலம், வருகிற வண்டி வந்துகொண்டிருக்கும், போகிற வண்டி போய்க்கொண்டிருக்கும், கீழே கப்பலும் அதுபாட்டுக்குப் போகும். என் மெஷினில் அப்டேட் இறங்கி எழுதப்படுகிற நேரத்தில் நான் ஒரு கோப்பைத் திறந்தால், நான் தூக்குப்பாலத்துக்கு முன்னால் நிற்கிற ரயில்.

ராம், அதாவது திறந்திருக்கிற வேலையை மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிற இடம், 4 ஜிபி. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதும் 4 ஜிபிதான், அதனால் விற்பவர்கள் தவறே செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது ஏற்றுவதற்குத் தேவையான அளவு, அதை வைத்து நிம்மதியாக வேலை பார்ப்பதற்கு அல்ல. மெஷினைப் போட்டு ஒன்றும் திறக்காமல் விட்டாலே பாதிக்கு மேல் விண்டோஸே எடுத்துக்கொள்கிறது, மிச்சத்தில் பிரவுசர், ஸ்கேனர், கைரேகைக் கருவியின் சாஃப்ட்வேர், தமிழ் எழுத்து அடிக்கிற மென்பொருள் எல்லாம் நெருக்கியடித்து நிற்க வேண்டும். இடம் இல்லாதபோது விண்டோஸ் என்ன செய்கிறது என்றால், ராமில் இருப்பதில் கொஞ்சத்தைத் தூக்கி ஸ்டோரேஜில் எழுதிவைக்கிறது, வேண்டும்போது திரும்பப் படித்துக்கொள்கிறது. ஏலக்கூடத்தில் இடம் போதாமல் மீனை வெளியே மணலில் கொட்டிவைத்து, கேட்கக் கேட்க உள்ளே தூக்கிவருவது போல. ஸ்டோரேஜ் வேகமாக இருந்தாலாவது சமாளிக்கலாம், அதுவும் இஎம்எம்சி என்றால் ஏற்கெனவே திணறுகிற அதன் தலையிலேயே இந்தச் சுமையும் விழுகிறது. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றதற்குக் காரணம் இதுதான். இரண்டு குறையும் தனித்தனியாக இருந்தால் இவ்வளவு மோசம் இல்லை, ஒன்று மற்றதைக் கீழே இழுக்கிறது.

மூன்றாவது பிராசசர். இரண்டே கோர் (கணக்குப் போடுகிற பகுதி) உள்ள சிப், 2019-இல் வெளிவந்தது. அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ். அட்டையில் இருந்த 2.8 என்பது கொஞ்ச நேரத்துக்கு எட்டிப் பிடிக்கிற உச்சம், சூடானதும் இறங்கிவிடும். நானும் தெரியாமல், உப்பு படியக் கூடாது என்று அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு யுபிஎஸ் மேலேயே வைத்திருந்தேன். ஃபேன் இல்லாத மாடல் அது, தன் உடம்பு வழியாகவே சூட்டைக் கழிக்க வேண்டியது, உறை போட்டால் எங்கே கழிக்கும்? சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உறையை எடுத்து, சுவரை விட்டுத் தள்ளி வைத்தோம், மத்தியானத்தில் இன்னும் மோசமாவது மட்டும் நின்றது. கடலோரத்தில் இந்தச் சின்னப் பெட்டிகளை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், மூடிவைக்காமல் வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சரி, இப்போது என்ன செய்திருக்கிறோம் என்றும் சொல்கிறேன். நல்லவேளையாக உள்ளே எஸ்எஸ்டி மாட்டுகிற எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தது, எல்லா மாடலிலும் அது இருக்காது. அதில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போட்டு விண்டோஸை அதற்கு மாற்றிவிட்டான். மூன்று நிமிடம் ஒரு நிமிடத்துக்குக் கீழே வந்தது. விண்டோஸ் ஏறும்போதே தானாகத் தொடங்குகிற ஏழெட்டு நிரல்களை நிறுத்தினான், கடையில் ஏற்றித் தந்த இலவச ஆன்ட்டிவைரஸை எடுத்துவிட்டான், விண்டோஸோடு வருவதே போதும் என்றான். ராமை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதுவும் பற்றவைத்தது. இப்போதும் ஐந்தாவது டேப் திறந்தால் இழுக்கிறது, ஆனால் ஓடிபி கட்டம் நேரத்துக்கு வந்துவிடுகிறது, எனக்கு அது பெரிய விஷயம். விண்டோஸுக்குப் பதிலாக இலகுவான லினக்ஸ் போட்டால் இன்னும் நன்றாக ஓடும் என்றும் சொன்னான், ஆனால் என் கைரேகைக் கருவிக்கும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிற நூற்றுக்கணக்கான மனுப் படிவங்களுக்கும் விண்டோஸ் இல்லாமல் எனக்குச் சிரமம்.

நான் சின்னக் கம்ப்யூட்டரே கெட்டது என்று எழுதவில்லை. பக்கத்து ஊரான மண்டபத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் அதே அளவுப் பெட்டிதான் வைத்திருக்கிறார், அவருடையதில் 2023-இல் வந்த இன்டெல் என்100 என்கிற நாலு கோர் சிப், 8 ஜிபி ராம், என்விஎம்இ. நான் கொடுத்ததைவிட நாலாயிரம் கூடக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். மின்சாரமும் மிகக் குறைவாகவே எடுக்கிறது, யுபிஎஸ்ஸில் ரொம்ப நேரம் நிற்கிறது, கரண்டு போய்ப் போய் வருகிற எங்கள் ஊருக்குப் பெரிய டவரைவிட அதுதான் பொருத்தம். அதேபோல, புது மெஷின் முதல் ஒன்றிரண்டு நாள் மெதுவாக இருப்பதும் இயல்புதான், அப்டேட் எல்லாம் இறங்கும், உள்ளே இருக்கிற கோப்புகளைத் தேடலுக்காக வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும். இரண்டு நாள் நெட்டோடு போட்டு வைத்துவிட்டுப் பிறகு பார்க்க வேண்டும். சில மெஷினில் டிஸ்ப்ளே டிரைவர் சரியாக ஏறாமல் வீடியோ இழுக்கும், டிரைவரை ஏற்றினால் சரியாகிவிடும். இவை எல்லாம் தீர்கிற கோளாறு. என்னுடையது விற்கும்போதே விற்பவருக்குத் தெரிந்த குறை.

என் கேள்வி ஒன்றுதான். நாலாயிரம் கூடப் போட்டால் நாலைந்து வருடம் நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் நான் குழுவில் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியிருப்பேனே? அட்டையில் 'ஸ்டோரேஜ் 128' என்று போடுகிறவர்களுக்கு, பக்கத்தில் 'இஎம்எம்சி' என்று இன்னும் ஒரு வார்த்தை போட இடம் இல்லையா? இரண்டு பெட்டியும் ஒரே அளவு, ஒரே மாதிரி மினுமினுப்பு, இரண்டிலும் 'புதியது' என்று ஒட்டியிருக்கிறது. சிப் 2019-இல் வந்தது என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? பேக் செய்த மாதம் மட்டும்தான் ஸ்டிக்கரில் இருக்கிறது. சீலிங் ஃபேனுக்கே 2023 ஜனவரி 1 முதல் நட்சத்திர அட்டை கட்டாயம் ஆக்கிவிட்டார்கள், ஃபிரிட்ஜுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. படிக்காதவர் கூட நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து வாங்குகிறார். ஃபேனைவிடப் பல மடங்கு விலை உள்ள கம்ப்யூட்டருக்கு, ஸ்டோரேஜ் எந்த வகை, ராமைக் கூட்ட முடியுமா முடியாதா, பிராசசர் எந்த வருடத்தியது, எத்தனை கோர் என்று மூன்று வரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அட்டையின் முன்பக்கத்தில் போடச் சொல்லி அரசு உத்தரவு போட வேண்டும். ஆன்லைனில் விற்பவர்களுக்கும் இது பொருந்த வேண்டும், அங்கே இந்த விவரம் பக்கத்தின் அடியில், நாலு தடவை தள்ளிப் பார்த்தால் கிடைக்கிற இடத்தில் இருக்கிறது.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலை 20-இல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, திறன், விலை பற்றித் தெரிந்துகொள்வதை நம்முடைய உரிமை என்றே சொல்கிறது. கடைக்காகத்தானே வாங்கினாய், நீ வியாபாரி, உனக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது என்று என்னிடம் ஒருவர் சொன்னார். அது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகத் தானே பயன்படுத்துகிற பொருளை வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. தையல் மெஷின் வாங்குகிற பெண்ணுக்கும், வலை வாங்குகிறவருக்கும், எனக்கும் அது பொருந்தும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வழக்குக்குக் காரணமானது நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் மட்டும் சம்மதித்துவிடாதீர்கள். என்னிடம் பில் இருக்கிறது, அதில்கூட ஸ்டோரேஜ் வகை எழுதவில்லை என்பதையும் சேர்த்துத்தான் புகாரில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உத்தரவு வரும்போது வரட்டும், அதுவரை வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடையிலேயே மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அந்த மூன்று கீயை நீங்களே அழுத்துங்கள், மெமரி எவ்வளவு, ராம் ஸ்லாட் எத்தனை என்று பாருங்கள், பிரவுசரில் ஆறு டேப் திறந்து பாருங்கள். இஎம்எம்சியா எஸ்எஸ்டியா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எஸ்எஸ்டி மாதிரிதான் என்று பதில் வந்தால் அது எஸ்எஸ்டி இல்லை. கேட்டதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள், வேறு கடை இருக்கிறது. 8 ஜிபிக்குக் கீழே என்ன விலைக்குக் கொடுத்தாலும் ஆன்லைன் வேலைக்கு வாங்காதீர்கள்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். பண்டிகைக் காலத்தில் முழுப்பக்கம் கம்ப்யூட்டர் விளம்பரம் வருகிறது. அவற்றில் 'ஸ்டோரேஜ் 128' என்று மட்டும் போட்டு வந்தால், எந்த வகை என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். விளம்பரம் கொடுப்பவர்களிடம் நாங்கள் கேட்டால் பதில் வராது, நீங்கள் கேட்டால் வரும்.

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள். அந்த 61 நாளும் வீட்டுக்காரர்களும் அவர்களுடைய போனும் கரையில் இருக்கும், வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் அப்போதுதான் என் கடைக்கு வரும். நடுவில் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட்டும் வரும். அதற்குள் எப்படியாவது 8 ஜிபி உள்ளதாக ஒன்று மாற்றிவிட வேண்டும் என்று பார்க்கிறேன், குழுத் தவணை இன்னும் ஏழு பாக்கி இருக்கிறது. வாங்கிய பெட்டியின் அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. கடை வாசலில் வைத்து, '128 ஜிபி' என்று அச்சடித்த இடத்துக்குப் பக்கத்தில் விட்டுப்போன மூன்று வரியையும் மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறேன். ராமநாதபுரத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிற இரண்டு பேர் இதுவரை அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் உங்கள் வாசகி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.